எட்டு ‘அருள்நிறைந்த மரியே’ நேரம்

நாரந்தனைக் கடற்கரையில் கிழிந்த வலை திருத்திக்கொண்டிருப்பவர்களுக்கு மாலையில் மணிக்கூடு தேவையில்லை. கோயிலிலிருந்து கிறிஸ்தோப்பரின் குரல் வரும். செபமாலையில் ‘அருள்நிறைந்த மரியே’ பத்துத் தரம் சொன்னால் ஒரு பத்து; மொத்தம் ஐந்து பத்து. முதற்பத்து முடிகிறபோது எழும்பினால், மூன்றாம் பத்துக்குக் கால்முகம் கழுவிக்கொண்டு போய்ச் சேர்ந்துவிடலாம். அப்படி ஒரு குரல். அவர் கோயில் மூப்பர். பங்குச் சுவாமி ஞாயிற்றுக்கிழமைகளிலும் பெருநாட்களிலும்தான் வருவார். மற்ற நாட்களில் கோயிலைத் திறப்பதும், மணி அடிப்பதும், செபத்தை முன்னுக்குச் சொல்லுவதும் மூப்பரின் வேலை. விடிய வள்ளத்தில் போய், பின்னேரம் கரைக்கு வந்து, குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கோயில் கதவின் இரும்புத் திறப்பை இடுப்பில் செருகிப் புறப்படுவார்.

அவருக்குப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. தகப்பனின் காலில் துருப்பிடித்த ஆணி ஏறி, ஒன்பதாம் நாள் வாய் பூட்டிக்கொண்டது. பிறகு உடம்பு வில்லாய் வளைந்து, ஏற்பு வலியில் போய்ச் சேர்ந்தார் மனிதர். ஏற்பு ஊசி அன்றைக்கும் இருந்தது; ஆனால் அதைப் போட்டுக்கொள்ளவேண்டும் என்று தெரியாமலே அவர் போனார். கிறிஸ்தோப்பர் அந்தக் கிழமையே கடலுக்கு இறங்கினார். கல்யாணம் கட்டி, நெடுங்காலம் பிள்ளையில்லாமல் இருந்து, கடைசியில் அன்ரனிட்டா பிறந்தாள். பிறந்த வருடமே சண்டையால் தீவை விட்டு யாழ்ப்பாணத்துக்கு ஓடவேண்டி வந்தது. அந்த ஓட்டத்தில் பிள்ளைக்கு ஒன்பதாம் மாதம் போடவேண்டிய சின்னமுத்து அம்மை ஊசி தவறிவிட்டது. தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாணத்தையும் விட்டுச் சனம் பெயர்ந்தபோது, சாவகச்சேரிப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் கிடக்கையில், அந்தத் தவறிய ஊசி தன் கணக்கைத் தீர்க்க வந்தது. பிள்ளைக்கு உடம்பெல்லாம் சிவந்து, மூச்சு இழுத்தது.

அதுவரை கிறிஸ்தோப்பருக்குக் கள்ளு என்றால் கொள்ளை ஆசை. அந்த மண்டபத்தின் சீமெந்துத் தரையில் முழந்தாளிட்டு, “மாதாவே, பிள்ளையை எனக்குத் தா. இனிக் கள்ளை இந்த வாயிலை வைக்கமாட்டன்” என்று நேர்த்தி வைத்தார். பிள்ளை தப்பியது. தொண்ணூற்றாறில் ஊருக்குத் திரும்பி வந்தார்கள். கூரையில்லாத வீட்டைப் பார்த்து அழுதவருக்கு ஆறுதலாக யாரோ ஒரு முட்டிக் கள்ளைக் கொண்டுவந்து வைத்தபோது, அதை எடுத்துப் பனையடியில் ஊற்றினார். ஏழு வருடமாக அந்த நேர்த்தி நின்றது. கோயில் திறப்பு அவர் கைக்கு வந்ததும் அதனாலேதான்.

இரண்டாயிரத்து இரண்டு, செபமாலை மாதமான ஒக்டோபர். சண்டை ஓய்ந்து, கொழும்புக்குப் போகிற பாதை திறந்த வருடம். மாலையானால் வீடு வீடாக மாதாவின் சுரூபத்தைக் கொண்டுபோய்ச் செபமாலை சொல்லுவார்கள். முதல் கிழமையிலேயே கிறிஸ்தோப்பருக்கு ஏதோ பிழைத்தது. முதற்பத்து வழக்கம்போல் முழங்கியது. மூன்றாம் பத்தில் சொற்கள் வழுக்கின. நாலாம் பத்தில் குரல் மூக்கால் வந்தது. இடது கண்மடல் தானாக இறங்கிப் பாதிக் கண்ணை மூடியது. நிமிர்ந்து சுரூபத்தைப் பார்த்தார். இரண்டு மாதா நின்றார்கள். இரண்டு பேரும் ஒன்றுபோலச் சிரித்தார்கள்.

“மாதா ரெண்டாய்த் தெரியிறா” என்று பக்கத்தில் நின்றவரிடம் சொல்லிவிட்டார். அது போதாதா?

அடுத்த நாள் மீன்வாடியில், பிடித்த மீனை ஐஸ் போட்டு அடுக்கிக்கொண்டிருந்த தம்பிஐயா அவரைக் கண்டதும் இரண்டு கையையும் விரித்தான். கள்ளுத் தவறணையில் தனக்கென்று ஒரு மூலை வைத்திருக்கிறவன் அவன்.

“வாங்கோ அண்ணை, வாங்கோ! இனி நாங்கள் ரெண்டு பேரும் ஒரே கட்சி. ஆனால் எனக்கு எவ்வளவு குடிச்சும் ஒரு மாதாவைக்கூடத் தெரியிறேல்லை. நீங்கள் எந்தத் தவறணையிலை குடிக்கிறனீங்கள்?”

“நான் குடிக்கேல்லை, தம்பிஐயா.”

காலை நேரம். குரல் கணீரென்று இருந்தது. கண்ணும் தெளிவாக இருந்தது. தம்பிஐயா அதைப் பார்த்துச் சிரித்தான். காலையில் தெளிவதும் மாலையில் தளும்புவதும் யாருடைய குணம் என்று அவனுக்குத் தெரியாதா?

பெண்கள் பக்கத்தில் பாட்டைத் தொடங்கி வைப்பவள் கிறேஸ். கெட்டவள் இல்லை; கோயில் காரியத்தில் நெருப்பு. மூப்பரின் மனைவி சின்னத்தங்கத்தைக் கிணற்றடியில் வைத்துக் கேட்டாள்: “அக்கா, நேர்த்தி என்ன, கரணமடிச்சுப்போட்டுதோ?”

“விசர்க் கதை கதையாதை. இது பனங்கள்ளுக் காலமுமில்லை” என்றாள் சின்னத்தங்கம்.

“போத்தல் கள்ளுக்குக் காலமேது அக்கா?”

அன்று மாலை செபம் முடிந்து வந்து கிறிஸ்தோப்பர் கட்டிலில் சாய்ந்தார். சின்னத்தங்கம் தலையணையைச் சரிசெய்கிற சாட்டில் குனிந்து, அவர் வாயருகே மெல்ல மூச்சை இழுத்துப் பார்த்தாள். கண் மூடிக்கிடந்தவர் தூங்கவில்லை. மறுநாளும் குனிந்தாள். அதற்கு மறுநாளும். ஒரு மணமும் இல்லை என்பதில் அவளுக்கு நிம்மதி வரவில்லை. எப்படி மறைக்கிறார் என்ற யோசனைதான் வந்தது. அது அவருக்கும் விளங்கியது. ஊர் சொன்னதைவிட அந்த மூன்று மூச்சும்தான் அவரைச் சுட்டது.

மாதக் கடைசியில் சுவாமி கூப்பிட்டார். நல்ல மனிதர், குற்றம் சாட்டவில்லை.

“மூப்பர், உமக்கு உடம்பு களைச்சுப்போச்சுப் போலை. கொஞ்ச நாளைக்கு ஆறுதல் எடும். கிறேஸ் முன்னுக்குச் சொல்லட்டும்.”

“சுவாமி, நான் குடிக்கிறேல்லை” என்று சொல்ல வாயெடுத்தார். அது மாலை நேரம். “ங்கான் குழிக்கிறேங்லை” என்று வந்தது. இல்லை என்று சொன்ன சொல்லே ஓம் என்று சாட்சி சொன்னது. இடுப்பிலிருந்த திறப்பை எடுத்து மேசையில் வைத்துவிட்டு வந்தார்.

நவம்பரில் ஒரு பின்னேரம் வள்ளத்தில் திரும்பி வருகையில், ஆழமில்லாத இடத்தில் நட்டிருந்த அடையாளத் தடி இரண்டாகத் தெரிந்தது. இரண்டுக்கும் நடுவே போகலாம் என்று விட்டார். இரண்டில்லை, ஒன்றுதான். முன்புற அணியம் பிளந்த வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு நனைந்தபடி வீட்டுக்கு வந்தவருக்குச் சின்னத்தங்கம் தேத்தண்ணி கொடுத்தாள். ஒரு மிடறு வாயில் எடுத்தார். அது மூக்கால் வந்தது. இருமி, திணறி, தலையைக் கையால் தாங்கிக்கொண்டு இருந்தார்.

சின்னத்தங்கம் அப்படியே நின்று பார்த்தாள். பிறகு, “உது குடிவெறியில்லை” என்றாள். “குடிகாரன் வாயிலை எடுத்ததை மூக்காலை விடமாட்டான். வெளிக்கிடுங்கோ, காலமை முதல் பஸ்ஸிலை யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குப் போவம்.”

வேலணை தாண்டி, கடலுக்கு நடுவே போகிற தாம்போதியில் பஸ் ஓடியது. காலை வெளிச்சத்தில் கிறிஸ்தோப்பரின் இரண்டு கண்ணும் விரியத் திறந்திருந்தன. “பாத்தியே, இப்ப ஒண்டுமில்லை. டொக்டர் என்னை ஏசி அனுப்பப்போறா” என்றார்.

டொக்டர் பிரியதர்சினி சின்ன வயதுப் பிள்ளை. ஏசவில்லை. நாடி பார்த்தாள், வாயைத் திறக்கச் சொன்னாள். பிறகு ஒரு விசித்திரமான வேலை வைத்தாள்.

“ஐயா, தலையை ஆட்டாமல் கண்ணை மட்டும் உயர்த்தி, உந்த மின்விசிறியைப் பாருங்கோ. நான் சொல்லுமட்டும் இறக்கக்கூடாது.”

பார்த்தார். அரை நிமிடம். ஒரு நிமிடம். இடது மடல் நடுங்கியது. பிறகு, பாய்மரத்தில் கயிறு தளர்ந்த பாய்போல மெல்ல மெல்ல இறங்கியது. மாலைக்குத்தான் வருகிற அந்த இறக்கம் காலை பத்து மணிக்கே வந்து நின்றது.

டொக்டர் பக்கத்து அறைக்குப் போனாள். அங்கே குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுகிற நாள். ஒரே அழுகுரல். ஊசிமருந்து வைத்திருந்த குளிர்ப்பெட்டியிலிருந்து ஒரு ஐஸ் பொதியை எடுத்து வந்து, கையுறையில் சுற்றி, கிறிஸ்தோப்பரின் மூடிய மடலில் வைத்தாள்.

“ரெண்டு நிமிசம்” என்று கைமணிக்கூட்டைப் பார்த்தாள்.

சின்னத்தங்கத்திடம் கைமணிக்கூடு இல்லை. அவள் முந்தானைக்குள் விரல் மடித்து ‘அருள்நிறைந்த மரியே’ சொன்னாள். எட்டாவது முடிய டொக்டர் ஐஸை எடுத்தாள்.

மடல் திறந்திருந்தது. கடைக்கதவைத் தூக்கிவிட்டதுபோல முழுதாய். கண்மணி கறுப்பாய், ஈரமாய், நேராய் அவளைப் பார்த்தது. சின்னத்தங்கத்துக்கு மயிர்க்கூச்செறிந்தது. நாற்பது வருடமாக ஐஸுக்குள் கைவிட்டு மீன் அள்ளிய மனிதனின் கண் ஐஸுக்குத் திறக்கிறது!

“என்ன புதுமை இது, டொக்டர் பிள்ளை?” என்றார் கிறிஸ்தோப்பர்.

டொக்டர் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தாள். “உங்கடை தொழிலிலையே சொல்லுறன், ஐயா. கண்ணைத் திற எண்டு மூளை சொன்னால், அந்தச் சொல்லு நரம்பு வழியாய் வந்து, கடைசியிலை சின்னச் சின்ன வள்ளங்களிலை ஏறித் தசைக்குப் போகுது. தசையிலை வள்ளம் கட்டுறதுக்குக் குற்றிகள் இருக்கு. கட்டினால்தான் தசை அசையும். உங்கடை குற்றிகளிலை வேறை ஆக்கள் வந்து கட்டிக்கொண்டு நிக்கினம். முதல் கொஞ்ச நேரம் நிறைய வள்ளம் வரும், எப்பிடியோ இடம் கிடைக்கும். பாவிக்கப் பாவிக்க வள்ளம் குறையும். அதுதான் முதற்பத்து நல்லாயிருக்கு, நாலாம் பத்து விழுகுது.”

“ஆர் அந்த ஆக்கள்? கிருமியோ?”

“கிருமியில்லை. உங்கடை ஆக்கள்தான். உடம்பைக் காக்கிற காவல்காரர்.”

அவர் விளங்காமல் பார்த்தார். பக்கத்து அறையில் ஒரு குழந்தை வீறிட்டது.

“அந்த அழுகை கேக்குதே? அந்தப் பிள்ளைக்கு இப்ப ஒரு கிருமியின்ரை முகத்தைக் காட்டினம். உயிரோடையில்லை, செத்ததையோ, பலமில்லாததையோ. காவல்காரர் அதைப் பாத்து, இவன் கள்ளன், இவனுக்கு இன்ன ஆயுதம் எண்டு படிச்சு வைப்பினம். சில முகத்தை ஒருக்காக் காட்டினால் ஆயுசுக்கும் போதும். சிலதை இடைக்கிடை திருப்பிக் காட்டவேணும். எத்தினை வருசம் கழிச்சு உண்மையான கள்ளன் வந்தாலும், வாசலிலையே பிடிப்பினம்.”

“என்ரை மகள் சின்னமுத்து வந்து தப்பினவள்.”

“ஊசியாலை படிக்கவேண்டியதைச் சண்டை பிடிச்சுப் படிச்சிருக்கு அவளின்ரை உடம்பு. ஆபத்தான படிப்பு. ஆனால் இனி அவளுக்கு அது வாறது அருமை. உடம்பு மறக்காது.”

கிறிஸ்தோப்பர் நிமிர்ந்தார். அந்த மண்டபத்தில் தான் வைத்த நேர்த்தியை ஏழு வருடமாக மறவாமல் காத்து வந்ததைப் பெரிதாக நினைத்திருந்தவர். அதே நாளில் பிள்ளையின் இரத்தமும் தன்பாட்டில் ஒரு நேர்த்தி வைத்து, யாரும் கேளாமல், யாரும் காணாமல் அதைக் காத்துக்கொண்டு திரிகிறது. கடவுளே, என்று நெஞ்சில் கை வைத்தார்.

டொக்டர் அந்தக் கையைக் காட்டினாள். “அந்த இடம்தான், ஐயா. நெஞ்செலும்புக்குப் பின்னாலை ஒரு சின்னச் சுரப்பி இருக்கு. காவல்காரரிலை ஒரு பகுதியாருக்குப் பள்ளிக்கூடம் அது. மற்றவையையும் நடத்துறது அவைதான். இது வீட்டாள், இது வெளியாள் எண்டு அங்கைதான் பிரிச்சுப் படிப்பிக்கிறது. வீட்டாளிலை கைவைக்கக்கூடிய காவல்காரனை அங்கையே அழிச்சுப்போடும். நூறு பேர் உள்ளுக்குப் போனால் அஞ்சு பேர்கூட வெளியிலை வாறேல்லை.”

“அவ்வளவு கண்டிப்போ?”

“அவ்வளவு கண்டிப்பு. அப்பிடியிருந்தும் எப்பவாவது ஒருத்தன் தப்பி வந்திடுவான். அவனுக்கு ஆள் தெரியாது. சிலருக்கு மூட்டைத் தாக்குவான், சிலருக்குத் தோலை. உங்களுக்கு வள்ளம் கட்டுற துறையை.”

கிறிஸ்தோப்பர் நெஞ்சிலிருந்த கையை எடுத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “எங்கடை பகுதிக்குப் பேரே ஊர்காவற்றுறை, பிள்ளை. ஊரைக் காக்கிற துறை. காவலுக்கு எண்டு நிக்கிறவையே துறையை மறிச்சுக்கொண்டு நிண்டால், வள்ளக்காரன் எங்கை கட்டுறது?”

டொக்டர் வாய்விட்டுச் சிரித்தாள். துறையில் நேவி காவல் நிற்கிற காலம்; சின்னத்தங்கம் பயந்துபோய் வாசலைப் பார்த்தாள். “மெல்லக் கதையுங்கோ. ஆரும் கேட்டால் வேறை விதமாய் விளங்குவினம்.”

மாத்திரை எழுதிக் கொடுத்தாள் டொக்டர். துறையில் நிற்கிற வள்ளங்களைக் கொஞ்ச நேரத்தில் கலைத்துவிடுகிற ஒருவன் உள்ளே இருக்கிறானாம்; மாத்திரை அவன் கையைப் பிடித்துக்கொள்ளும்; வள்ளங்கள் காத்து நின்று, குற்றியில் இடம் கிடைக்கிறபோது கட்டும். ஐஸின் குளிரும் அதே வேலையைத்தான் செய்கிறதாம். சுரப்பியில் கட்டி ஏதும் இருக்கிறதா என்று கொழும்பில் படம் எடுத்துப் பார்க்கவேண்டும் என்றாள். பாதை திறந்திருந்தபடியால் தை மாதத்தில் போய் எடுத்தார்கள், கட்டி இல்லை. ஆனால் அது பிறகு.

அன்று ஆஸ்பத்திரி வாங்குப்பலகையில் இருந்தபடியே முதல் மாத்திரையைப் போட்டுவிட்டு இருவரும் காத்திருந்தார்கள். முக்கால் மணி நேரத்தில் கிறிஸ்தோப்பர் தொண்டையைச் செருமினார். “சின்னத்தங்கம்” என்று கூப்பிட்டார். மூக்கில்லாத, முழுக் குரல். கூடியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். “நான் உங்கடை வாயை மணந்து பாத்தனான்.”

“தெரியும்.”

“மூண்டு நாள்.”

“அதுவும் தெரியும். பேந்தென்ன, அழாதை. நானே என்னை மணந்து பாத்தனான், எனக்குத் தெரியாமல் குடிச்சுப்போட்டனோ எண்டு.”

வீட்டுக்கு நிம்மதி வந்தது, ஊருக்கு வரவில்லை. கிறேஸ் மாத்திரைப் பொதியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “குடியை நிப்பாட்டவும் மாத்திரை குடுக்கிறவையாம், அக்கா” என்றாள். திறப்பும் அவளிடமே இருந்தது. கிறிஸ்தோப்பர் கடைசி வாங்கில் இருந்தபடி செபத்துக்கு மறுமொழி சொல்லிவிட்டுப் போனார். சின்னத்தங்கத்தால் அது ஏலவில்லை.

டிசம்பர் ஏழாம் திகதி, அமலோற்பவ மாதா திருநாளுக்கு முதல் நாள் மாலை. சுவாமி வந்திருந்தார். சனம் நிறைந்திருந்தது. அன்று பின்னேர மாத்திரையைக் கொடுக்காமல் சின்னத்தங்கம் ஒளித்து வைத்துவிட்டாள் என்பது கிறிஸ்தோப்பருக்குக் கோயிலுக்குள் போனபிறகுதான் விளங்கியது. முதற்பத்துக்கு மறுமொழி சொல்லி முடிக்கையிலேயே மடல் இறங்கிவிட்டது. கிறேஸ் திரும்பிப் பார்த்தாள். இரண்டு மூன்று பேர் முழங்கையால் இடித்துக்கொண்டார்கள்.

சின்னத்தங்கம் எழும்பினாள். “சுவாமி, மாதாவுக்கு முன்னாலை ஒரு காரியம் செய்யவேணும். உத்தரவு தாருங்கோ.” வாசலைப் பார்த்து, “தம்பிஐயா, ஐஸ்!” என்றாள்.

தம்பிஐயா மீனுக்கு ஐஸ் போடுகிற வெள்ளை றெஜிபோம் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தான். கோயில் முழுக்க மீன் மணந்தது. “சொன்னவ, கொண்டுவந்தனான். என்னத்துக்கெண்டு எனக்கும் தெரியாது” என்று சுவாமியைப் பார்த்து இளித்தான்.

அவள் ஒரு துண்டு ஐஸைத் துவாயில் சுற்றிக் கணவனின் மடலில் வைத்தாள். “கிறேஸ், நீ முன்னுக்குச் சொல்லு. எட்டு ‘அருள்நிறைந்த மரியே’. கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்.”

கிறேஸ் சுவாமியைப் பார்த்தாள். சுவாமி தலையசைத்தார். அவள் தொடங்கினாள். சனம் மறுமொழி சொன்னது. ஐஸ் உருகிக் கிறிஸ்தோப்பரின் கன்னத்தால் வழிந்தது. எட்டாவது முடிந்தது. சின்னத்தங்கம் துவாயை எடுத்து, தோளைப் பிடித்து அவரைச் சனத்தின் பக்கம் திருப்பினாள்.

இரண்டு கண்ணும் திறந்திருந்தன. விளக்கு இரண்டிலும் தெரிந்தது.

“வெறியனின்ரை கண் ஐஸுக்குத் திறக்குமோ?” என்று கேட்டாள் அவள்.

மறுமொழி தம்பிஐயாவிடமிருந்துதான் வந்தது. “திறக்காது சுவாமி. எனக்கு எத்தினை தரம் முகத்திலை ஐஸ் தண்ணி ஊத்திப் பாத்திருப்பா மனுசி!”

கோயில் சிரித்தது, பிறகு சட்டென்று அடங்கியது. மடல் திரும்பவும் தளரத் தொடங்கியதை எல்லோரும் கண்டார்கள். மனிதன் தன் விருப்பத்தில் செய்யாத ஒன்றை, அவனுக்குள்ளேயே வேறு யாரோ செய்கிறதை, அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பார்த்தார்கள். கிறேஸ் வந்து திறப்பை அவர் கையில் வைத்தாள்.

“மாத்திரையைக் குடுங்கோ அக்கா. முக்கால் மணித்தியாலம் எண்டனீங்கள் எல்லோ? இருப்பம்.”

சனம் முக்கால் மணி நேரம் இருந்தது. அதன் பிறகு அவர் மன்றாட்டுமாலையைத் தொடங்கினார். கடற்கரையில் நின்ற நாய்கள் குரைத்தன.

அதற்குப் பிறகு ஊரில் ஒரு வழக்கம் வந்தது. மூன்று பத்து மூப்பருக்கு, கடைசி இரண்டு பத்து கிறேஸுக்கு. மணி அடிக்க முன் அவள் மதிலுக்கு மேலால் கேட்பாள்: “அண்ணை, மாத்திரை போட்டாச்சோ?” இரண்டாயிரத்து ஆறில் திரும்பவும் சண்டை மூண்டு பாதை மூடப்பட்டு மாத்திரை தட்டுப்பட்ட மாதங்களில், அவர் பகல் முழுக்க யாரோடும் கதையாமல் இருந்து, இருந்த குரலை மாலைக்கென்று மிச்சம் பிடித்தார். சில நாட்களில் அது ஒரு பத்துக்குத்தான் காணும். அந்த ஒரு பத்துக்காகச் சனம் நேரத்துக்கு வந்தது.

ஒரு ஞாயிறு பூசையில், பாவத்தை ஏற்று எல்லோரும் நெஞ்சில் அடித்துக்கொள்ளுகிற இடத்தில், கிறிஸ்தோப்பர் இரண்டு விரலால் மெல்லத் தொட்டதைச் சின்னத்தங்கம் கண்டாள். வெளியே வந்ததும் கேட்டாள்.

“என்ன, முந்தியெல்லாம் பறை மாதிரிக் கேக்குமே? பாவம் குறைஞ்சுபோச்சோ?”

“அதுக்கில்லை” என்றார் அவர். “உள்ளுக்குப் பள்ளிக்கூடம் நடக்குது. எப்பிடி அடிக்கிறது?”